அணுகுண்டும் மக்கள் நினைவும்

வவுனியா நகரின் அருகே இலங்கை விமானப்படையினர் பயன்படுத்திவரும் விமானத்தளம், முதன்முதல் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய வான்படையினரால் அமைக்கப்பட்டதாகும். காடும் குளமும் வயலுமாய்க் கிடந்த வன்னிப் பெருநிலத்தில் அத்தகைய தளமொன்று வேண்டப்பட்டமைக்குக் காரணம் யப்பான். 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட் கழித்துத் திருகோணமலைத் துறைமுகம் தாக்குண்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின் அதே யப்பானின் இரு நகரங்கள் அணுகுண்டுக்கு இரையாயின. பகைவனுக்கு நேர்ந்த கேடு தமக்கு வந்த நன்மை என்று இத்தீவினர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால், 1951-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய சமாதான மாநாட்டில், அப்போது நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, யப்பானிடம் நட்டஈடு கோரும் உரிமையை இலங்கை பயன்படுத்தாது என அறிவித்தார். புத்தர் பெருமானின் உபதேசத்தையே அதற்குக் காரணமாகக் காட்டினார். யப்பானியர் இன்றும் நன்றியுடன் நினைவுகூரும் நிகழ்ச்சி அது. பகையை மறந்துவிடுதல் பெருந்தன்மை. ஆயின் பகையால் விளைந்த அழிவையும் உடன் மறந்துவிடுதல் வேறொரு காரியம். அந்த இரண்டாவது மறதியே இன்று உலகெங்கும் பரவி வருகின்றது.

மறதி எப்படி வருகின்றது என்பதை அறியச் சொற்களைப் பார்த்தால் போதும். சிவகாசியிற் செய்யப்படும் தீபாவளிப் பட்டாசு ஒன்றுக்கு 'அணுகுண்டு' என்றே பெயர். பச்சை நூல் சுற்றிய அவ்வெடியைக் கொளுத்திவிட்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிச் சிரிக்கின்றனர். மேலைநாட்டார் செய்தது இதனினும் விசித்திரமானது. பசுபிக் சமுத்திரத்திலுள்ள பிக்கினி என்னும் பவளத்தீவில் அணுகுண்டுச் சோதனை நடத்துதற்காக, 1946-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அத்தீவின் குடிமக்கள் 167 பேரையும் அமெரிக்கர் வெளியேற்றினர். சோதனை நிகழ்ந்த அதே யூலை மாதத்திற் பாரிஸ் நகரிற் பெண்களுக்கான நீச்சலுடை ஒன்று விற்பனைக்கு வந்தது. அதற்கு அத்தீவின் பெயரையே சூட்டினர். இன்று உடையை அறியாதார் இல்லை. தீவை அறிந்தார் மிகச் சிலர். சொல் வாழ்ந்துகொண்டிருக்கப் பொருள் மட்டும் இறந்துபோதல் இவ்வாறே நிகழ்கின்றது.

அப்பொருள்தான் யாது? 1945-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6-ஆம் நாள், திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. ஹிரோசிமா நகரின்மேல், நிலத்தினின்றும் ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்தில், யுரேனியத்தாலான குண்டு ஒன்று வெடித்தது. நேர் கீழே நிலத்தின் வெப்பம் மூவாயிரம் முதல் நாலாயிரம் பாகை வரை ஏறியது. வங்கி ஒன்றின் வாயிற் கற்படியில் அமர்ந்திருந்த ஒருவரின் நிழல் மாத்திரமே கல்லிற் பதிந்து எஞ்சியது. அக்கற்படி இன்று அந்நகரின் அரும்பொருட்சாலையில் உள்ளது. மருத்துவர்களிலும் தாதியரிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ போனமையால், உயிரோடிருந்தாரைப் பேணவும் ஆளில்லாமற் போயிற்று. மூன்று நாட்களின் பின், 9-ஆம் நாள் முற்பகல் பதினொரு மணி இரண்டு நிமிடத்திற்கு, நாகசாக்கி நகரின்மேல் இரண்டாவது குண்டு வெடித்தது. அக்குண்டு கொக்குரா என்னும் வேறொரு நகருக்காகவே கொண்டு செல்லப்பட்டது. அங்கே முகிலும் புகையும் இலக்கை மறைத்தமையால் விமானம் திசை திரும்பியது. ஒரு நகரத்து மக்கள் பிழைத்ததும் மற்றொரு நகரத்து மக்கள் மாண்டதும் அன்றைய வானிலையால் என்பதைப் பிற்காலத்தார் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோசிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும், நாகசாக்கியில் ஏறத்தாழ 74,000 பேரும் உயிரிழந்தனர்.

பாடசாலைகளோடு தொடர்புடையோர் தனியே அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. விமானத் தாக்குதலால் தீ மூண்டால் அது பரவாதிருத்தற்பொருட்டு, ஹிரோசிமா நகரின் நடுவே வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் பணி நடைபெற்று வந்தது. அன்று காலை அப்பணிக்கு அழைத்து வரப்பட்டிருந்தோரிற் பெருந்தொகையினர் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணாக்கர். மேற்கூரையற்ற வெளியில் நின்ற அப்பிள்ளைகளுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதி கருகிய சோற்றுப் பெட்டிகளையும் கிழிந்த சீருடைகளையும் கொண்டே பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை இனங்கண்டனர்.

வன்னி மக்களுக்குக் குண்டு என்பது ஏட்டிற் படித்தறிந்த பொருளன்று. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் ஆண்டுகளில், கிபிர் விமானத்தின் இரைச்சல் செவியில் விழுந்த மாத்திரத்தே பதுங்குகுழிக்குள் இறங்கும் பழக்கம் இங்குச் சிறு குழந்தைக்கும் இருந்தது. வீட்டு வளவில் முதலில் வெட்டப்பட்டது கிணறா பதுங்குகுழியா என்று கேட்கவேண்டிய காலமும் இருந்தது. பனங்குற்றிகளை மேலே அடுக்கி மண்மூட்டை பரப்பிய அக்குழி எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதனாலேயே, அணுகுண்டு என்றதும் இவர்கள் தம் பட்டறிவைக் கொண்டே அதனை அளக்கின்றனர். பெரிய குண்டு, ஆழமான குழி என்று கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஆயிரங் கிலோ வெடிமருந்து ஓரிடத்தில் வெடித்தால் விளையும் அழிவை முல்லைத்தீவுக் கரையோரத்தார் ஊகித்தறிவர். அவ்வழிவைப் பதினையாயிரம் முறை, ஒரே நகரின்மேல், ஒரே கணத்தில் நிகழ்த்தினால் ஹிரோசிமா ஆகும். அதுவும் தொடக்ககாலத்துச் சிறு குண்டு.

இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. போர் ஓய்ந்த பின்னும் வன்னியின் மண்ணிற் கண்ணிவெடிகள் கிடந்தன. முகமாலை முதலாய இடங்களிற் பணியாளர் முழந்தாளிட்டு, ஒரு சாணுக்கு ஒரு சாண் மண்ணைக் கிளறி, ஆண்டுக்கணக்காக அவற்றை அகற்றி வந்தமையைக் கண்டிப் பெருந்தெருவிற் பயணஞ் செய்தோர் கண்டிருப்பர். அது பெருந்துன்பமாயினும், எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் துன்பம். அணுகுண்டின் கதிர்வீச்சோ மண்ணிலன்றி மனிதரின் குருதியிற் சென்று பதுங்குகின்றது. ஹிரோசிமாவில் இரண்டு வயதில் ஒரு காயமுமின்றித் தப்பிய சடாக்கோ சசாக்கி என்னும் சிறுமி, ஓட்டப்பந்தயங்களில் முன்னிற்கும் மாணவியாய் வளர்ந்து, பன்னிரண்டாம் வயதிற் குருதிப் புற்றுநோய் கண்டு 1955-ஆம் ஆண்டு ஒக்டோபரில் இறந்தாள். அவளை எடுத்து அகற்றிக் காக்கும் கருவி எதுவும் எவரிடத்தும் இருக்கவில்லை.

இத்தகைய பேரழிவு, நிகழ்ந்த உடனே உலகத்தார் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது என்றும், பின்னரே மெல்ல மெல்ல மறைந்து வருகின்றது என்றும் பலர் கருதுகின்றனர். வரலாறு காட்டுவது வேறு. 1945 செப்டெம்பர் முதல் யப்பானை ஆண்ட நேசப்படையினர், குண்டினால் விளைந்த கேட்டைப் பற்றிய எழுத்துக்களைத் தணிக்கைக்கு உட்படுத்தினர். யப்பானியர் எடுத்த திரைப்படச் சுருள்களைக் கைப்பற்றிச் சென்ற அமெரிக்கர் 1967-ஆம் ஆண்டிலேயே அவற்றைத் திருப்பியளித்தனர். பிழைத்தோரும் வாய் திறக்கவில்லை. குண்டுபட்டவர் என்று வெளியே தெரிந்தால் மகளுக்கு மணமகன் கிடையான், மகனுக்கு வேலை கிடையாது என்ற அச்சம் அவர்தம் வாயைக் கட்டியது. அவர்களுக்கு மருத்துவ உதவி வழங்கும் சட்டம் 1957-ஆம் ஆண்டு வரை பிறக்கவில்லை. ஆகவே, முதலில் வந்தது மறதி. நினைவு பின்னரே வந்தது. அதனைப் பிறப்பித்தது ஒரு மீன்பிடி வள்ளம்.

அவ்வள்ளத்தின் பெயர் ஐந்தாம் இலக்க நற்பேற்று நாகம் எனப் பொருள்படும். யாயிசு என்னும் துறையைச் சேர்ந்த மரவள்ளம் அது. சூரை மீன் தேடிச் சென்றது. 1954-ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள், பிக்கினித் தீவில் அமெரிக்கர் ஐதரசன் குண்டு ஒன்றைச் சோதித்தனர். ஹிரோசிமாக் குண்டினும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆற்றல் வாய்ந்தது. வள்ளம் நின்றதோ அமெரிக்கரே அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியே. விடியுமுன் மேற்கிற் சூரியன் எழுந்தாற்போன்ற ஒளியைக் கண்ட மீனவர் திகைத்தனர். சில மணி நேரத்தில் வானிலிருந்து வெண்சாம்பல் பொழியத் தொடங்கிற்று. பொடியாகி மேலெழுந்த பவளப்பாறை அது. கரைவலை இழுத்தும் வள்ளமேறியும் வாழும் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் செய்திருக்கக் கூடியதையே அவர்களும் செய்தனர்: வலைகயிற்றை விட்டுவிட்டு ஓட மனமின்றி, சாம்பல் தலையிலும் முகத்திலும் படியப் படிய, இட்ட தூண்டிற் கயிறுகளை மணிக்கணக்காக இழுத்துச் சுருட்டினர். அதுவே அவர்தம் முதல் அல்லவா? யாயிசுத் துறையை அடைந்தபோது இருபத்துமூவருக்கும் தோல் கருகியிருந்தது; மயிர் உதிர்ந்தது. வானொலித் தொடர்பாளராயிருந்த குபொயாமா ஐக்கிச்சி செப்டெம்பர் 23-ஆம் நாள் இறந்தார். எண்ணூறுக்கு மேற்பட்ட வள்ளங்கள் கொணர்ந்த மீன் நஞ்சேறியதென்று எறியப்பட்டது. அதே சாம்பல் ரொங்கிலப் தீவிலும் பொழிந்தது. அங்குள்ள சிறுவர் அதனை அளைந்து விளையாடினர் என்பதை உலகம் வெகு காலம் கேளாதிருந்தது.

மீன் நஞ்சானதும் யப்பானின் அடுக்களைகள் விழித்தன. டோக்கியோ நகரின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் தொடங்கிய கையொப்ப இயக்கம், 1955 ஓகஸ்ட் மாதத்துக்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அம்மாதம் ஹிரோசிமாவில் முதலாவது உலக மாநாடு கூடியது. அதற்கு அடுத்த ஆண்டு, நாகசாக்கியில், குண்டுக்குத் தப்பியோர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பதினோராண்டு மௌனம் அன்றே கலைந்தது.

அக்காலத்தில் இலங்கையும் வாளாவிருக்கவில்லை. 1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியிற் சேர் ஜோன் கொத்தலாவலையின் அழைப்பின்பேரில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிற் கூடியபோது, ஐதரசன் குண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டுமென்ற நேருவின் யோசனை அங்கே வரவேற்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த குரல் இராஜாஜியுடையது. தம் எண்பத்து மூன்றாம் வயதில், 1962 செப்டெம்பரில், அவர் வாஷிங்டன் சென்று கெனடியைக் கண்டு, சோதனைகளை நிறுத்துமாறு வாதிட்டார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நிலத்தடிச் சோதனை ஒழிந்த ஏனைய சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அம்முதியவர் பயணத்தால் மாத்திரம் அது நிகழ்ந்ததென்று கூறுதல் பொருந்தாது. எனினும், நினைவுள்ள ஒருவர் அதிகாரமுள்ள ஒருவரிடம் நேரிற் சென்று பேசுதற்கும் ஒரு பயன் உண்டு.

பின்னாளில் இத்தீவு இருவரை உலகுக்கு அளித்தது. 1995-ஆம் ஆண்டு அணுவாயுதப் பரவற்றடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜயந்த தனபால. மற்றவர் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சி. ஜீ. வீரமந்திரி. அணுவாயுதப் பிரயோகம் சட்டத்துக்கு இயைந்ததா என்ற வினா அந்நீதிமன்றத்தின் முன் வந்தபோது, ஹிரோசிமா, நாகசாக்கி நகரங்களின் மேயர்கள் நேரில் வந்து சாட்சியம் அளித்தனர். 1996 யூலை 8-ஆம் நாள் வெளியான கருத்துரையில், அப்பிரயோகம் பொதுவாகச் சட்டத்துக்கு முரணானது என்று கூறிய நீதிமன்றம், ஒரு நாட்டின் உயிர்வாழ்வே கேள்விக்குள்ளாகும் தறுவாயில் முடிந்த முடிபு கூறவியலாது என நிறுத்திக்கொண்டது. வீரமந்திரி அதற்கு உடன்படவில்லை. எந்நிலையிலும் சட்டவிரோதமே என்று நீண்டதொரு மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அதில் அவர் எடுத்தாண்ட சான்றுகளுள், ஆயுதமேந்தாதாரையும் சேர்த்துப் பகையினம் முழுவதையும் அழிக்கவல்ல படைக்கலத்தை இராமன் இலக்குவனுக்குத் தடுத்தமையும், பாசுபதத்தை அருச்சுனன் எய்யாது விட்டமையும் உள்ளன. புராணபடனத்திலும் கூத்துக் களரியிலும் வன்னி மக்கள் கேட்டுப் பழகிய கதைகள் ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் நியாயமாய் நின்றன என்பது இங்குள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கு எத்துணை பேர் வாயிலாகச் சென்றடைந்துள்ளது? தனபால 2023-இலும் வீரமந்திரி 2017-இலும் மறைந்தனர். அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் இலங்கை 2023 செப்டெம்பரில் இணைந்தது. அச்செய்தி வந்த வேகத்திலேயே மறக்கவும் பட்டது.

மறதிக்கு உரிய காலம் இதுவன்று. 1980-களின் நடுவில் உலகில் எழுபதினாயிரம் அளவில் இருந்த அணுவாயுதங்கள் இன்று ஏறக்குறைய பன்னீராயிரமாகக் குறைந்துள்ளன என்பது மெய். ஆயினும், அண்டை நாடுகளான இந்தியாவும் பாகிஸ்தானும் 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் அடுத்தடுத்துச் சோதனை நடத்தியவை. 2025 மே மாதத்தில் அவ்விரண்டும் நான்கு நாட்கள் ஒன்றையொன்று தாக்கியபோது, இருவரிடத்தும் அவ்வாயுதம் உண்டென்பதைத் தொலைக்காட்சியிற் சிலர் பந்தயம் பார்ப்பார் போலப் பேசினர். கண்டவர் தொகையோ சுருங்கி வருகின்றது. ஒருகாலத்தில் மூன்றரை இலட்சத்துக்கு மேலிருந்த யப்பானின் பதிவுபெற்ற குண்டுபட்டோர் தொகை, 2025 மார்ச்சில் முதன்முறையாக ஓரிலட்சத்துக்குக் கீழே இறங்கியது; அவர்தம் சராசரி வயது 86. 2024-ஆம் ஆண்டு அவர்தம் சங்கத்துக்கு நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டபோது மேடையேறிப் பேசிய தனக்கா தெருமிக்கு வயது 92. ஹிரோசிமா மாநகரசபை 2012 முதல், முதியவர் ஒருவரின் அனுபவத்தை அவரிடமே பன்முறை கேட்டுப் பாடமாக்கி, அவர் சார்பிற் பிறர்க்குச் சொல்வோரைப் பயிற்றி வருகின்றது. ஏடெழுதி வைப்பது போதாது, வாய்வழி வந்தது வாய்வழியே செல்லவேண்டும் என்பதை அந்நகரத்தார் உணர்ந்துள்ளனர்.

வன்னியில் இது எவ்வகையிற் பொருந்தும்? இப்போது பதினோராந் தரத்தில் உலகப் போர்களைக் கற்கும் பிள்ளைகள், 2009-இன் போர் முடியுந் தறுவாயிலோ முடிந்த பின்னரோ பிறந்தோர். அவர்களுக்குக் கிபிர் என்பதும் ஹிரோசிமா என்பதும் ஒரே தொலைவிலுள்ள இரண்டு பெயர்கள். அன்னையர் பேசுவதில்லை. பிள்ளை அஞ்சுமே என்றும், பழைய புண்ணைக் கிளறுவானேன் என்றும், கேட்பார் யார் என்றும் அவர்கள் வாளாவிருக்கின்றனர். அழிவின் அடையாளங்களும் ஒவ்வொன்றாய் அகல்கின்றன. வீழ்த்தப்பட்ட கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி பல்லாண்டு வீழ்ந்தபடியே கிடந்து, வழிச்செல்வோர் நின்று படம் எடுக்கும் காட்சிப் பொருளாயிற்று. எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. பனை, தலை போனால் மீண்டும் தளிர்ப்பதில்லை. ஹிரோசிமாவிலும் குண்டுக்கு எஞ்சி நின்ற குவிமாடக் கட்டடத்தை இடித்துவிட வேண்டுமென்றே பலர் விரும்பினர்; பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கின்றது என்றனர். குருதிப் புற்றுநோயால் 1960-இல் இறந்த பதினாறு வயது மாணவி ஒருத்தி எழுதிவைத்த நாட்குறிப்பே பிள்ளைகளைக் கிளர்ந்தெழச் செய்தது. அவர்கள் தெருத்தெருவாய்க் கையொப்பமும் பணமும் திரட்டினர். 1966-இல் மாநகரசபை அதனைக் காக்கத் தீர்மானித்தது. அந்நகரில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் புல்லும் முளையாது என்ற வதந்தி உலவிய காலத்தில் முதலிற் பூத்த செடிகளுள் ஒன்று என்பதால், அந்நகரத்தார் தம் நகரப் பூவாகக் கொண்டிருப்பது செவ்வலரியை. வன்னியிற் கோயில் வீதிகளிலும் வீட்டு வேலியோரத்திலும் நிற்கும் அதே அலரிதான்.

வள்ளத்தின் கதை இன்னும் எஞ்சியிருக்கின்றது. அரசினர் அதனை வாங்கி, நஞ்சு நீங்கும் வரை வைத்திருந்து, பெயரை மாற்றி, மீன்வளக் கல்லூரி மாணவர் பயிற்சிக்குக் கொடுத்தனர். 1967-இல் அதுவும் முடிந்து, பொறியைக் கழற்றி விற்றபின், டோக்கியோவின் குப்பை கொட்டும் தீவு ஒன்றிற் கைவிடப்பட்டுக் கிடந்தது. அத்தீவுக்குக் 'கனவுத் தீவு' என்று பெயர். அடுத்த ஆண்டு மார்ச்சில், இளைஞர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தால் அது இன்ன வள்ளமென்று நாடறிந்தது. 1976 முதல் அதே தீவில், தனக்கென எழுப்பிய மண்டபத்தில் அது நிற்கின்றது.

அவ்வள்ளத்தின் மீனவருள் ஒருவர் ஓயிஷி மத்தாஷிச்சி. சாம்பல் பொழிந்தபோது அவருக்கு இருபது வயது. நட்டஈட்டுப் பணம் பெற்றார் என்று ஊரார் பொறாமை கொண்டனர். நோயுற்றவர் என்று விலகியும் நின்றனர். அவர் யாயிசுவை விட்டு நீங்கி, முகமறியாத டோக்கியோ நகரில் ஒரு சலவைக் கடை வைத்துப் பிழைத்தார். முதற் குழந்தை இறந்தே பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எவரிடத்தும் ஒன்றும் சொல்லவில்லை. 1983-இல் ஒரு பாடசாலைப் பிள்ளைகள் தமக்கு அக்கதையைச் சொல்லவேண்டுமென்று அவரைக் கேட்டனர். அப்பிள்ளைகளுள் ஒருத்தி பார்வையற்றவள் என அறிந்து, அவள் கையால் தடவி அறியும்படி, மரத்தால் அவ்வள்ளத்தின் சிறு உருவொன்றைத் தம் கையாலேயே செய்து எடுத்துச் சென்றார். அதன்பின் 2021 மார்ச்சில் இறக்கும் வரை எழுநூறு முறைக்கு மேல் அவர் அக்கதையைச் சொன்னார், பெரும்பாலும் பிள்ளைகளுக்கு.